மூணாம் நம்பர் நோட்டு

ஜகபர் அலி: இதுவும் நிலாவா?

மீனம்பாள்: நிலாதான் பாய். இந்த மாசத்துல பதினோராவது நிலா.

ஜகபர் அலி: அமாவாசைக்குக்கூட லீவு வுட மாட்டேங்கறாங்களே... யாரு எழுதனது?

மீனம்பாள்: ஆலம்பூண்டியிலேர்ந்து ஒரு புது மெம்பரு. "நிலவே, நீ ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய்"னு ஆரம்பிக்குது.

ஜகபர் அலி: இவரு எழுதனதப் படிச்சிட்டுத்தான் சிரிச்சிருக்கும். போடுங்க கையெழுத்து. யாருக்கும் கேடில்ல.

மீனம்பாள்: போன வாரமும் இப்பிடித்தான் சொன்னீங்க. நம்ம வாசகர் வட்டத்துல வூடு வூடா சுத்தற அஞ்சு நோட்டுலயும் நிலாவா இருக்குதுன்னு ரத்தினம்மாளுக்கு ஒரே கோவம். "படிக்கறதா, அண்ணாந்து பாத்துக்கினே இருக்கறதா"ன்னு கேக்கறாங்க.

ஜகபர் அலி: அவங்களுக்கு இன்னா, நோகாம படிக்கறவங்க. ஒரு ஞாயித்துக்கெழம இந்த பைண்டிங் கடையில வந்து குந்தி, இந்தக் கட்டப் பிரிச்சிப் பாத்தா தெரியும். ஆறு வருசம் டீச்சர்... ஆறு வருசமா ஞாயித்துக்கெழமன்னு ஒண்ண நான் பாக்கல. எங்க வூட்ல கேக்குது, "உங்களுக்குப் பசை டப்பாவும் அந்த டீச்சரும் போதுமா"ன்னு.

மீனம்பாள்: ஹுசைன் பீயா? அப்பிடியா கேட்டுச்சி?

ஜகபர் அலி: பசை டப்பாவத்தான் மொதல்ல சொல்லிச்சி. பயப்படாதீங்க.

மீனம்பாள்: சிரிக்கக்கூட தெம்பு இல்ல பாய். நேத்து ராத்திரி பரீட்சை பேப்பரு, இன்னிக்கு இது. எங்க பாத்தாலும் அடுத்தவங்க கையெழுத்துதான். இது இன்னா... கன்னுக்குட்டி விலைக்கு இருக்குதாம்.

ஜகபர் அலி: வேணாம். காரணம் எழுதிடுங்க, "வியாபாரம்"னு.

மீனம்பாள்: இது ரேசன் கடக்காரரத் திட்டி. நாலு பக்கம்.

ஜகபர் அலி: நல்லாத் திட்டியிருக்குதா?

மீனம்பாள்: பாய்!

ஜகபர் அலி: சும்மா கேட்டேன். வேணாம். "வசவு"ன்னு எழுதுங்க... யப்பா, கழுத்து புடிச்சிக்கிச்சி. புதுசா வர்றவங்க அனுப்பற மொத மூணு காயிதத்த நாம ரெண்டு பேரும் படிச்சி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் நோட்டுல ஒட்டணும்னு... எந்த நேரத்துல விதி போட்டோமோ.

மீனம்பாள்: போட்டோமோ இன்னா போட்டோமோ. நான்தான் போட்டேன். போடாம இன்னா பண்றது? கோதண்டராமன் மவ கல்யாணத்தப் பத்தி எவனோ ஒரு புது மெம்பரு நேரா நோட்டுலயே கிறுக்கி வெச்சி, அது வூடு வூடா பதினாலு வூடு சுத்தி, கடைசியில மாப்பிள்ள வூட்டுக்கே போய்ச் சேர்ந்துச்சே. மறந்துட்டீங்களா?

ஜகபர் அலி: எப்பிடி மறப்பேன்? சட்டையப் புடிச்சது என் சட்டையத்தானே. நோட்டு அட்டையில இந்தக் கட பேருல்ல போட்டிருந்துச்சி.

மீனம்பாள்: அதான்.

ஜகபர் அலி: விதி சரிதான், ஒத்துக்கறேன். "வேணாம்னா இன்னா காரணம்னு ஓரத்துல எழுதணும்"னு அதுக்கு ஒரு வாலு வெச்சீங்களே, அதான் ரோதன.

மீனம்பாள்: கஷ்டப்பட்டு எழுதி, அம்பது பைசா ஸ்டாம்பு ஒட்டி அனுப்பறாங்க பாய். ஏன் வேணாம்னோம்னு தெரிய வேணாமா? ஒண்ணும் சொல்லாம தூக்கிப் போட்டுட்டா மனசு இன்னா பாடுபடும்...

ஜகபர் அலி: ம்.

மீனம்பாள்: இன்னா "ம்"?

ஜகபர் அலி: ஒண்ணுமில்ல. நல்ல விதின்னேன். சரி, கட்டு முடிஞ்சிச்சா?

மீனம்பாள்: முடிஞ்சிச்சி. கெளம்பலாம்.

ஜகபர் அலி: எண்ணிப் பாத்தேனே காலையில. பதினாலு இருந்துச்சி. நீங்க பாத்தது பதிமூணு.

மீனம்பாள்: அப்பிடியா...

ஜகபர் அலி: உங்க முட்டிக்கு அடியில ஒண்ணு கெடக்குது பாருங்க.

மீனம்பாள்: காத்துல வுழுந்திருக்கும்.

ஜகபர் அலி: காத்தா? கரன்ட் போயி ஒரு மணி நேரமாச்சி, ஃபேனே சுத்தல. குடுங்க இப்பிடி... அட, நம்ம இளமாறன்! சீயமங்கலம் இளமாறன். இதப் போயி கீழ போட்டுட்டீங்களே. மூணாவது காயிதம் இவருக்கு. இது பாஸானா முழு மெம்பரு.

மீனம்பாள்: வேணாம் பாய்.

ஜகபர் அலி: இன்னும் படிக்கவே இல்லியே.

மீனம்பாள்: நான் படிச்சிட்டேன்.

ஜகபர் அலி: எனக்குப் படிங்க. விதி. ரெண்டு பேரும் படிக்கணும்.

மீனம்பாள்: நீங்களே படிச்சிக்குங்க.

ஜகபர் அலி: சரி, நானே சத்தமா படிக்கறேன். "சகோதர சகோதரிகளே, என் வீட்டில் அடுப்பு எரிந்து நான்கு மாதம் ஆகிறது. போன முறை, விளக்கேற்ற ஆளில்லை என்று எழுதினேன். எத்தனை பேர் ஆறுதல் சொன்னீர்கள்! அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அவள் இடது கையால் கோலம் போடுவாள். வலது கை ஆள்காட்டி விரல் சற்றே வளைந்திருக்கும். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் இப்படி ஒருத்தியைக் கண்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவளிடம் சொல்ல வேண்டாம். நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்." ...நல்லா எழுதறாருல்ல?

மீனம்பாள்: நல்லாத்தான் எழுதறாரு.

ஜகபர் அலி: மொத ரெண்டுக்கும் நாம ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ரெண்டாவது காயிதத்துக்குக் கீழ பழைய மெம்பருங்க எழுதனது மட்டும் ரெண்டு பக்கம். "அண்ணே, கண்ணு கலங்கிடிச்சி"ன்னு ஆண்டாளம்மா எழுதியிருக்குது. இப்ப இன்னா ஆச்சி?

மீனம்பாள்: நீளமா இருக்குது.

ஜகபர் அலி: முக்கா பக்கம்.

மீனம்பாள்: காணாமப் போனவங்களத் தேடற எடமா இது? வாசகர் வட்டம் பாய்.

ஜகபர் அலி: ஆண்டாளம்மா எரும காணாமப் போனப்ப ஒட்டினோமே. நாலே நாள்ல எரும வந்துடுச்சே.

மீனம்பாள்: எருமையும் பொண்டாட்டியும் ஒண்ணா?

ஜகபர் அலி: நான் சொல்லல. விதியச் சொல்றேன். இந்தாங்க பேனா, ஓரத்துல காரணம் எழுதுங்க. எழுதனா போதும், நானும் வேணாம்னு போட்டுடறேன். உங்க பேச்சத் தட்டியிருக்கேனா?

மீனம்பாள்: பிடிக்கலன்னு எழுதவா?

ஜகபர் அலி: போன வருசம் நான் அப்பிடி எழுதனப்ப கிழிச்சிப் போட்டுட்டு, "இது காரணமா பாய்"னு கேட்டது யாரு?

மீனம்பாள்: நீங்க ஏன் இன்னிக்கு இவ்ளோ நோண்டறீங்க? இது பாஸானா இன்னா ஆவும்னு தெரியுமில்ல? அந்தாளுக்கு நோட்டு மொற வரும். நோட்டு எந்த வூட்லேர்ந்து எந்த வூட்டுக்குப் போவுதுன்னு லிஸ்ட்டு குடுக்கணும். அறுவது வூடு... பேரு, தெரு, பஸ்சு எங்க நிக்கும்ங்கறது மொதக்கொண்டு.

ஜகபர் அலி: எல்லாருக்கும் குடுக்கறதுதானே.

மீனம்பாள்: எல்லாரும் பொண்டாட்டியத் தேடிக்கினு வரல பாய்! சத்தம் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. தல வலிக்குது.

ஜகபர் அலி: டீ சொல்லட்டுமா?

மீனம்பாள்: வேணாம். கெளம்பறேன். அடுத்த வாரம் பாத்துக்கலாம்...

கன்னியப்பன்: வணக்கமுங்க. கட தெறந்திருக்குதுங்களா?

ஜகபர் அலி: ஞாயித்துக்கெழம பைண்டிங் இல்லீங்க... அட, நீங்களா! வாங்க வாங்க. டீச்சர், இவருதான் இளமாறன். மாசம் ஒண்ணு இருக்கும், ஒரு சனிக்கெழம வந்து, இங்கியே குந்தி மூணாம் நம்பர் நோட்டப் படிச்சிட்டுப் போனாரு.

கன்னியப்பன்: இளமாறன்றது சும்மா புனைபேருங்க. சொந்தப் பேரு கன்னியப்பன். வணக்கம் டீச்சரம்மா. என் எழுத்தையெல்லாம் பாத்து ஒட்டினது நீங்கதானாம். கையெடுத்துக் கும்புடறேன்.

மீனம்பாள்: வணக்கம்.

கன்னியப்பன்: கொல்லையில வெளஞ்ச மல்லாட்ட. அவிச்சித் தின்னா நல்லாருக்கும், கொஞ்சம் கொண்டாந்தேன்.

ஜகபர் அலி: புது மெம்பருங்ககிட்ட ஒண்ணும் வாங்கறதில்லீங்க. கோவிச்சிக்காதீங்க. குந்துங்க.

கன்னியப்பன்: இருக்கட்டும், நின்னுக்கறேன். என் மூணாவது காயிதம் வந்திச்சிங்களா?

ஜகபர் அலி: வந்திச்சி. இப்பத்தான் சத்தமா படிச்சிக்கினு இருந்தேன். டீச்சரு கண்ணுல தண்ணி.

கன்னியப்பன்: அவங்களுக்கு எரக்க மனசு. எந்த ஊருங்க டீச்சரம்மா உங்களுக்கு?

மீனம்பாள்: எனக்கு...

ஜகபர் அலி: செஞ்சிதாங்க. இதோ, பின் தெரு. பொறந்ததுலேர்ந்து இங்கதான்.

கன்னியப்பன்: ஓ... உள்ளூருங்களா. சரிங்க. ஒண்ணு கேக்கணும். நான் ரெண்டாவதா எழுதனதுக்குக் கீழ ஒருத்தரு பேரு போடாம ஒரு வரி எழுதியிருக்கறாரு. பாத்தீங்களா?

ஜகபர் அலி: அறுவது பேரு எழுதறாங்க. எத நான் பாக்கறது?

கன்னியப்பன்: எனக்கு மனப்பாடமா இருக்குது. "விளக்கேத்த ஆளில்லன்னு எழுதனீங்க. அந்த விளக்க எடுத்து அடிச்சது யாருன்னு எழுதலியே"... அப்பிடின்னு.

ஜகபர் அலி: யாரோ குறும்புக்காரங்க. இப்பிடி எழுதறவங்க எல்லா எடத்துலயும் இருப்பாங்க. மனசுல வெச்சிக்காதீங்க.

கன்னியப்பன்: குறும்பு இல்லீங்க. அது எம் பொண்டாட்டி எழுத்து. பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், தெரியாதா? வெரலு கோணலா கூடனதால எழுத்தெல்லாம் ஒரு பக்கமா சாயும்.

ஜகபர் அலி: வெரலு... எப்பிடிங்க அப்பிடி ஆச்சி?

கன்னியப்பன்: கதவுல நசுங்கிச்சி. பொம்பளைங்களுக்குக் கவனம் ஏது?

மீனம்பாள்: யாரு சாத்தன கதவு?

கன்னியப்பன்: ...இன்னா கேட்டீங்க டீச்சரம்மா?

மீனம்பாள்: ஒண்ணுமில்ல.

கன்னியப்பன்: ம்... நான் இன்னா சொல்ல வந்தேன்னா, அவ கையில மூணாம் நம்பர் நோட்டு கெடைச்சிருக்குது. அப்ப அது போற வூட்ல ஏதோ ஒண்ணுலதானே இருப்பா? அந்த லிஸ்ட்ட மட்டும் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்.

ஜகபர் அலி: மொதல்ல உங்க காயிதம் பாஸாவணும். அப்பறம்தானே லிஸ்ட்டு.

கன்னியப்பன்: காயிதத்த ஒட்டலன்னாலும் பரவால்லீங்க.

ஜகபர் அலி: ஒட்டலன்னாலும் பரவால்லியா?

கன்னியப்பன்: அத வெச்சிக்கினு இன்னா பண்றது? லிஸ்ட்டு வந்தா போதும்.

ஜகபர் அலி: ஆறு வருசத்துல இப்பிடிச் சொன்ன மொத ஆளு நீங்கதான். நிலாவப் பத்தி ரெண்டு வரி எழுதிட்டு, ஒட்டலன்னா ஒரு வாரம் சோறு எறங்காத ஆளுங்க இருக்குறாங்க இங்க.

கன்னியப்பன்: நக்கல் பண்றீங்க. சரி, பண்ணுங்க. நான் கெட்டவனா இருந்தா இப்பிடி மருவாதியா வந்து கேப்பேனா? ஆள வெச்சித் தேட முடியாதா? நாலு பேருக்குத் தெரிஞ்சா அவளுக்குத்தான் அசிங்கம்னு பாக்கறேன்.

ஜகபர் அலி: லிஸ்ட்டு பழசுங்க. புதுசா எழுதணும். அடுத்த ஞாயிறு வாங்க, எதுவா இருந்தாலும் சொல்லிடறோம்.

கன்னியப்பன்: அடுத்த ஞாயிறு. கண்டிப்பா?

ஜகபர் அலி: கண்டிப்பா. தேசூர் பஸ்சு நாலேகாலுக்கு, பாத்துப் போங்க. மல்லாட்டப் பைய மறந்துட்டீங்களே.

கன்னியப்பன்: இருக்கட்டுங்க...

ஜகபர் அலி: எடுத்துக்குங்க.

கன்னியப்பன்: ...சரி. டீச்சரம்மா, ஒரு கையெழுத்துதான். பாத்து செய்யுங்க. வரேன்.

மீனம்பாள்: போயிட்டானா?

ஜகபர் அலி: இருங்க... ரோட்டத் தாண்டறான். திரும்பிப் பாக்கறான்... இப்ப இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிட்டான். தண்ணி குடிங்க.

மீனம்பாள்: என்னால முடியல பாய்.

ஜகபர் அலி: மெதுவா.

மீனம்பாள்: நீங்க ஏன் பொய் சொன்னீங்க? எனக்கு சிங்கவரம்னு உங்களுக்குத் தெரியாதா? செஞ்சி, பின் தெருன்னு ஏன் சொன்னீங்க?

ஜகபர் அலி: வாயில வந்திச்சி, சொன்னேன். இப்ப நீங்க சொல்லுங்க. காரணம். ஓரத்துல எழுத வேணாம். வாயால சொல்லுங்க.

மீனம்பாள்: அவ என் வூட்ல இருக்குறா பாய். தனகோட்டின்னு பேரு. நாலு மாசமாச்சி.

ஜகபர் அலி: ம்.

மீனம்பாள்: பெரியாஸ்பத்திரி வாசல்ல பாத்தேன். கையில கட்டு, மொகமெல்லாம் வீங்கிக் கெடந்திச்சி. காலையில ஸ்கூலுக்குப் போறப்பயும் அங்கதான் குந்தியிருந்தா, சாயங்காலம் திரும்பறப்பயும் அங்கியேதான். எந்தப் பஸ்சுல ஏறணும்னு கேட்டேன். "எதுல ஏறனாலும் எறங்கணுமே அக்கா"ன்னா. கூட்டிக்கினு போயிட்டேன். ஆரணி பெரியம்மா பொண்ணுன்னு தெருவுல சொல்லி வெச்சிருக்கேன்.

ஜகபர் அலி: அப்பறம் எப்பிடி அந்தாளு காயிதத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க?

மீனம்பாள்: எனக்கு எப்பிடித் தெரியும்? இளமாறன்னு போட்டிருந்தான். ஊர் பேரு ஒண்ணுதான்னு பட்டுச்சி, அவ்ளோதான். அவன் எழுதனதப் படிச்சிட்டு நான் அழுதேன் பாய், தெரியுமா? "பாவம், எவ்ளோ ஆசையா இருந்திருக்குறான்"னு சொல்லி அவகிட்டயே படிச்சிக் காட்டினேன். அவ எழுந்து போயி வாந்தி எடுத்தா. அப்பறம்தான் சொன்னா, "இது எங்க வூட்டுக்காரன் எழுத்து அக்கா"ன்னு.

ஜகபர் அலி: யா அல்லா...

மீனம்பாள்: நோட்டு ரெண்டு நாள் வூட்ல கெடந்துச்சி. நான் ஸ்கூலுக்குப் போயிருந்த நேரத்துல அந்த வரிய எழுதியிருக்குறா. நோட்டுப் பைய கட்டி அடுத்த வூட்டுக்கு அனுப்பனப்பறம்தான் எங்கிட்ட சொன்னா. எனக்கு உசுரே போயிடிச்சி. அதுலேர்ந்து பஸ்சுல ஒரு ஆம்பள உத்துப் பாத்தாகூட நெஞ்சு அடிச்சிக்குது.

ஜகபர் அலி: எனக்கும் தெரியும் டீச்சர்.

மீனம்பாள்: இன்னா தெரியும்?

ஜகபர் அலி: தனகோட்டி உங்க வூட்ல இருக்குதுன்னு. மூணு வாரமாத் தெரியும்.

மீனம்பாள்: மூணு வாரமாவா? தெரிஞ்சிக்கினா இவ்ளோ நேரம் எரும கதையெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க? காரணம் எழுது, காரணம் எழுதுன்னு என்ன வறுத்து எடுத்தீங்களே!

ஜகபர் அலி: நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். மூணு ஞாயிறா பாத்தேன். இன்னிக்கு அந்தாளே வந்து நின்னுட்டான்.

மீனம்பாள்: யாரு சொன்னது உங்களுக்கு? தெருவுல தெரிஞ்சிடிச்சா? சொல்லுங்க பாய், யாரு?

ஜகபர் அலி: யாரும் சொல்லல. அந்தப் பொண்ணே தபால்ல எழுதிச்சி. எனக்கு.

மீனம்பாள்: ...உங்களுக்கா?

ஜகபர் அலி: மேசை டிராயர்ல இருக்குது. உங்ககிட்ட காட்ட வேணாம்னுதான் வெச்சிருந்தேன். எழுத்து சாய்ஞ்சிதான் இருக்குது, அந்தாளு சொன்ன மாதிரியே. படிக்கட்டுமா?

மீனம்பாள்: வேணாம்.

ஜகபர் அலி: படிக்கறேன். எனக்கு இத தனியா வெச்சிக்க முடியல. தொழுவப் போனாகூட இதான் ஞாபகம். "மதிப்புக்குரிய பாய் அவர்களுக்கு. நான் சிங்கவரம் மீனம்பாள் டீச்சர் வீட்டில் இருக்கும் தனகோட்டி. நான் எழுதிய ஏழு காகிதத்தையும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களாம். டீச்சர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லையாம். டீச்சர் நல்லவர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை."

மீனம்பாள்: பாய்... போதும்.

ஜகபர் அலி: "என்னை அடித்தவர் எழுதியதை நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை ஒட்டினீர்கள். அதை அறுபது வீட்டில் படித்து அழுதார்கள். நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யாரையும் திட்டவில்லை. நடந்ததைத்தான் எழுதினேன். பிறகு ஏன் வேண்டாம்? வேண்டாம் என்றால் காரணம் எழுதவேண்டும் என்று விதி இருப்பதாக டீச்சர் சொன்னார். எனக்குக் காரணம் எழுதவும்." அவ்ளோதான். கீழ கையெழுத்து.

மீனம்பாள்: பதில் எழுதனீங்களா?

ஜகபர் அலி: இன்னான்னு எழுதறது? ஏழு காயிதத்துல ஒண்ணக்கூட நான் கண்ணால பாக்கல. பாக்காத காயிதத்துக்கு இன்னா காரணம் எழுதறது நான்? "பொண்ணே, நான் இல்ல"ன்னு எழுதனா, அது இருக்கறது உங்க வூடு. ராவிக்கு எங்க போவும்? அதனால கெட்டவனா நானே இருந்துட்டுப் போறேன்னு வுட்டுட்டேன்.

மீனம்பாள்: எம்மேல உங்களுக்குக் கோவமே இல்லியா?

ஜகபர் அலி: இல்லாம? மொத வாரம் பூரா உங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன். நிலா கவித ஒவ்வொண்ணையும் ஒட்டறப்ப வயிறு எரிஞ்சிச்சி. இதையெல்லாம் ஒட்டறோம், அத ஒட்டலியேன்னு. அப்பறம் யோசிச்சேன், உங்களுக்கும் ஏதோ இருக்கும். இப்ப ஒளிச்சி வெச்சி ஒண்ணும் ஆவப் போறதில்ல டீச்சர். அவன் மோப்பம் புடிச்சிட்டான். லிஸ்ட்டு நாம குடுக்கலன்னா வேற எவனாவது குடுத்துடுவான், இல்ல ஊர் ஊரா எறங்கி விசாரிப்பான். இப்ப அறுவது வூட்லயும் இவன் பாவம், அவ ஓடிப்போனவ. அப்பிடித்தானே நாம ஒட்டி வெச்சிருக்கோம்? யாராவது பாத்தா அவனுக்கு நல்லது பண்றதா நெனச்சிக்கினு காட்டிக் குடுத்துடுவாங்க. அவ எழுதனதும் அறுவது வூட்டுக்குப் போவட்டும். அப்பறம் அவன் எந்தத் தெருவுல வந்து எறங்கனாலும் நாலு பேரு எழுந்து நிப்பாங்க. எங்க வூட்டாண்ட கூட்டிக்கினு வந்துடுங்க, ஹுசைன் பீ பாத்துக்கும். கேட்டுட்டேன்.

மீனம்பாள்: ஹுசைன் பீகிட்டயும் சொல்லிட்டீங்களா?

ஜகபர் அலி: அவகிட்ட எத மறச்சேன்? அந்த ஏழு காயிதத்தையும் கொண்டாங்க. ரெண்டு பேரும் படிக்கலாம். கிழிச்சிப் போடலியே?

மீனம்பாள்: கிழிக்கல பாய். கிழிக்க மனசு வரல. டிரங்குப் பொட்டியில பொடவைக்கு அடியில இருக்குது... ஒவ்வொண்ணா குடுப்பா, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வாங்கிக்கினு வருவேன். திரும்பிப் போனா வாசல்லயே நிப்பா. "பாய் வேணாம்னுட்டாரு"ன்னு சொல்லிடுவேன். உங்க பேரச் சொல்றது சுளுவா இருந்துச்சி. அவளுக்கு ஆபத்து, அவளுக்காகத்தான் மறைக்கறேன்னு எனக்கே சொல்லிக்கினேன்... அதெல்லாம் இல்ல பாய். ஒட்டினா அவ எங்க இருக்குறான்னு கேப்பாங்க, அடுத்தவன் பொண்டாட்டிய வூட்ல வெச்சிக்கினு இருக்குறா டீச்சருன்னு ஆபீசு வரைக்கும் போவும், வேலைக்கு ஏதாவது வந்துடும்னு நான்தான் பயந்து செத்தேன். அவ பயப்படவே இல்ல. மூணு வாரமா ஒண்ணும் குடுக்காதவ, இன்னிக்கு பஸ் ஏறறப்ப எட்டாவதா ஒண்ணு குடுத்து, "இந்த வாட்டி பாய் ஒத்துக்குவாரு பாருங்க அக்கா"ன்னா. தலையாட்டிட்டு வந்துட்டேன். இந்தப் பையிலதான் இருக்குது, காலையிலேர்ந்து... இந்தாங்க பாய். நீங்க படிங்க.